உப்புத் தண்ணீர் ஊரில் கீசரைக் கழற்றிச் சுத்தம் செய்வது எப்படி?

வேலூரில் கீசர் கெட்டுப்போவது வருஷம் முழுக்க நடக்கிறது. நமக்குத் தெரிய வருவதுதான் மார்கழியில். சித்திரையில் மாடித் தொட்டித் தண்ணீரே கையைச் சுடும் ஊர் இது. அப்போது கீசரை யார் சீந்துகிறார்கள்? டிசம்பர் பிறந்து, விடிகாலையில் பல் கிட்டும்போதுதான் சுவிட்சைத் தேடுகிறோம். அன்றைக்கென்று எம்.சி.பி. (கோளாறு வந்தால் தானாகக் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) விழும், இல்லையென்றால் குழாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வரும். அந்த மாதம் எலெக்ட்ரீஷியனும் கைக்குக் கிடைக்க மாட்டார். ஆகவே கார்த்திகை தீபத்துக்கு முன்னால், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை முடித்துவிடுவது என் வழக்கம்.

வாரன்டி அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், போர் தண்ணீர் ஏறும் வீட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை கீசரைத் திறந்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி. சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் என்று எந்தப் பக்கம் போனாலும் வாளி விளிம்பில் வெள்ளை வளையம் படிகிற வீடுகள்தான் அதிகம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற வீட்டில்கூட அது குடிக்கவும் சமைக்கவும்தான் போகிறது, குளியலறைக்கு போர்தான்.

இந்தச் செய்முறை சுவரில் நெட்டுக்குத்தலாக மாட்டும் 10, 15, 25 லிட்டர் மின்சார கீசருக்கு மட்டும். கேஸ் கீசருக்குப் பொருந்தாது. கேஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் மாட்டியிருந்தால், சுத்தம் செய்வது இருக்கட்டும், முதலில் அதை வெளியே மாற்றுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

உள்ளே என்ன நடக்கிறது

நம் போர் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. சூடு பட்டதும் அது கால்சியம் கார்பனேட்டாக மாறி, வெள்ளையாகப் படிகிறது. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. போரில் அது எவ்வளவு என்று தெரிய டி.டி.எஸ். மீட்டர் உதவாது, அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். சோப்பு நுரைக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

உப்பு படிந்தால் கரண்ட் பில் எகிறும் என்பார்கள். நான் அதைப் பெரிதாக நம்புவதில்லை. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் காயிலின் சூடு வேறெங்கே போகும்? தண்ணீருக்குத்தான். ஆனால் மேலே படிந்த உப்பைத் தாண்டி அந்தச் சூடு சட்டென்று வெளியேற முடியாமல் காயில் உள்ளுக்குள்ளேயே வெந்து, ஒரு நாள் வெடித்துவிடும். காயில் போனால்கூடப் பரவாயில்லை, ஆயிரத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். டேங்க் ஓட்டையானால் கீசரையே பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். அந்த டேங்கைக் காப்பாற்றுவது ஆனோடு என்று ஒரு கம்பி. சர்வீஸுக்கு வருகிறவர்களில் பலர் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

வேண்டியவை

பாக்ஸ் ஸ்பேனர் செட் (அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வேண்டாம், துருப்பிடித்த நட்டின் முனையை மழுக்கிவிடும்), ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர், டெஃப்லான் டேப், பழைய டூத் பிரஷ், இரண்டு வாளி. உங்கள் மாடலுக்கான கேஸ்கெட்டும் (ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) ஆனோடும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கழற்றிய கேஸ்கெட்டைத் திரும்பப் போட்டால் ஒழுகும். கீசரின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் பேச்சு மிச்சம்.

எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கால் கிலோ. லாங்கு பஜார் மளிகைக் கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். வினிகரும் வேலை செய்யும், ஆனால் லிட்டர் கணக்கில் ஊற்றவேண்டும், வீடு முழுக்க நாறும். பாத்ரூம் கழுவும் ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம். உப்போடு சேர்த்து உலோகத்தையும் தின்றுவிடும்.

1. கரண்டை நிறுத்துங்கள்

சுவிட்சை அணைத்தால் போதாது, எம்.சி.பி.யை இறக்கி, பிளக்கையும் பிடுங்குங்கள். முந்தின நாள் இரவே கீசரை அணைத்து வைத்தால் காலையில் தண்ணீர் ஆறியிருக்கும். அடிமூடியைக் கழற்றியதும் எந்த வயர் எங்கே என்று போட்டோ எடுங்கள். முனைகளில் மல்டிமீட்டர் வைத்து கரண்ட் இல்லை என்று பார்த்த பிறகே கை வையுங்கள். இதில் தயக்கம் இருந்தால் வயர் கழற்றும் வேலையை மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம், தப்பில்லை. வாரன்டி முடியாத கீசர் என்றால் கம்பெனி ஆளையே கூப்பிடுங்கள்.

2. தண்ணீரை வடியுங்கள் (எல்லோரும் திணறும் இடம்)

கீசருக்கு வரும் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறக்கிறீர்கள். கொஞ்சம் வந்து நின்றுவிடும். டேங்க் காலி என்று நினைத்து நட்டைக் கழற்றினால் 15 லிட்டரும் தலைமேல் கொட்டும்.

ஏன் என்று புரிய, பழைய தாமிர பாய்லரை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் வரும். ஊற்றாவிட்டால் வராது. கீசரும் அதே கதைதான். கீழே நீலக் குழாய் வழியாகப் பச்சைத் தண்ணீர் நுழைந்து, மேலே இருக்கும் வெந்நீரைத் தள்ளுகிறது. சிவப்புக் குழாய் கீழே தெரிந்தாலும், உள்ளே அதன் வாய் டேங்கின் உச்சியில் இருக்கிறது. உள்ளே வருவதை அடைத்துவிட்டால் தள்ள ஆளில்லை.

ஆகவே வடிக்க வேண்டியது நீலக் குழாய் வழியாக. அங்கேயும் ஒரு சிக்கல்: ஹோஸைக் கழற்றினாலும் சொட்டுத் தண்ணீர் வராது. நீலப் பக்கம் திருகியிருக்கும் சேஃப்டி வால்வு, தண்ணீர் பின்னால் திரும்பாதபடி பிடித்துக்கொள்ளும். வால்வின் சிறு நெம்பை மேலே தூக்குங்கள். பக்கத்து ஓட்டை வழியாக வடியும். நெம்பு இறுகியிருந்தால் வால்வையே திருகிக் கழற்றவேண்டும். அதோடு சிவப்புப் பக்க ஹோஸையும் கழற்றிவிடுங்கள். அந்த வழியாகக் காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் தடையில்லாமல் இறங்கும். இல்லாவிட்டால் களுக் களுக்கென்று அரை மணி நேரம் இழுக்கும். வாளியை முதலிலேயே வைத்துவிடுங்கள். ஒன்று நிரம்பும்போது மாற்ற இன்னொன்று கையில் இருக்கட்டும்.

3. ஃபிளாஞ்சைக் கழற்றுங்கள்

நடுவில் வட்டத் தகடு, சுற்றி ஐந்தாறு நட்டு. கடைசி நட்டு வருவதற்கு முன் ஒரு கையால் தகட்டைத் தாங்கிக்கொள்ளுங்கள். காயில், குறித்த சூட்டில் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டின் குழல், ஆனோடு எல்லாம் ஒன்றாக இறங்கும். கூடவே மீதித் தண்ணீரும், முட்டை ஓடு நொறுங்கியது மாதிரி வெள்ளைச் சில்லுகளும். நம் ஊரில் ஒரு வருஷத்துக்கு இரண்டு கை நிறைய வருவது சகஜம்.

டேங்குக்குள் கையை விட்டு, அடியில் கிடப்பதை வாரி எடுங்கள். கரண்டி, கத்தி எதையும் உள்ளே விட்டுச் சுரண்டாதீர்கள். உள்பக்கக் கண்ணாடிப் பூச்சில் கீறல் விழுந்தால் துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

4. ஆனோடைப் பாருங்கள்

மெக்னீசியக் கம்பி. டேங்கின் இரும்பு அரிக்கப்படுவதற்குப் பதிலாகத் தான் அரிபட்டுப்போவதுதான் அதன் வேலை. புதிதில் கட்டை விரல் பருமனோ சுண்டு விரல் பருமனோ, மாடலைப் பொறுத்து இருக்கும். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தாலோ, நடுவில் இருக்கும் மெல்லிய இரும்புக் கம்பி தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். புதிது சில நூறு ரூபாய். தாமிர டேங்க் கீசர்களில் ஆனோடு இருக்காது. தேடி மெனக்கெட வேண்டாம்.

5. காயிலை ஊறவையுங்கள்

ஆனோடைத் திருகிக் கழற்றித் தனியே வைத்த பிறகுதான் இது. ஆனோடோடு சேர்த்து முக்கினால் அமிலத்தில் மெக்னீசியம் பொங்கும். உப்பு கரைகிறது என்று சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், கரைவது ஆனோடு.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 100 கிராம் எலுமிச்சை உப்பு. காயில் மட்டும் மூழ்கட்டும், வயர் மாட்டும் முனைகள் நனையக்கூடாது. நுரை அடங்கும் வரை, ஒரு மணியோ இரண்டு மணியோ. பிறகு டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். ராத்திரி முழுக்க ஊறப் போடவேண்டாம்.

காய்ந்ததும் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு முனைக்கும் நடுவே பாருங்கள். 2000 வாட் காயில் என்றால் 26 ஓம் பக்கம் காட்டும். அடுத்து ஒரு முனைக்கும் வெளி உலோகக் குழலுக்கும் நடுவே பாருங்கள். எதையும் காட்டக்கூடாது, ஏதாவது எண் வந்தால் காயிலில் கசிவு இருக்கிறது, குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கும். யோசிக்காமல் மாற்றுங்கள்.

6. திரும்பப் பூட்டுதல்

புதுக் கேஸ்கெட், ஆனோடு, ஃபிளாஞ்ச். நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். வால்வின் மரையில் டெஃப்லான் டேப், கடிகாரம் சுற்றும் திசையில்.

வயர் மாட்டும்போது எர்த் வயரை மறக்காதீர்கள். ஸ்க்ரூ தளர்வாக இருந்தால் அந்த இடம் கருகும். 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கிறது. 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் இல்லாமல் சின்ன பிளக்கில் சொருகாதீர்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் சுவிட்ச்) இல்லையென்றால், கீசருக்குச் செலவு செய்வதற்கு முன் அதற்குச் செய்யுங்கள்.

கரண்ட் கொடுப்பதற்கு முன் தண்ணீர். ஆங்கிள் காக்கைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று தும்மி ஓய்ந்து சீராகத் தண்ணீர் வரும் வரை விடுங்கள். காலி டேங்கில் சுவிட்சைப் போட்டால் காயில் அங்கேயே காலி. ஃபிளாஞ்சைச் சுற்றி ஒரு செய்தித்தாள் துண்டை ஒற்றிப் பாருங்கள். காகிதம் நனையாவிட்டால் அடிமூடியைப் போடலாம். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். சூடு ஏற ஏற உப்பும் வேகமாகப் படியும்.

பின்சேர்க்கை: வால்வில் சொட்டுகிறது

இந்தப் பதிவைப் படித்துவிட்டு குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: சுத்தம் செய்ததிலிருந்து சேஃப்டி வால்வில் தண்ணீர் சொட்டுகிறது, எம்-சீல் வைத்து அடைத்துவிடலாமா?

கூடவே கூடாது. 15 லிட்டர் தண்ணீர் 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் 200 மில்லி விரியும். பின்னால் போக வழி இல்லாததால் ஒரு டம்ளர் தண்ணீர் வால்வு வழியாக வெளியேறுகிறது. கீசர் ஓடும்போது மட்டும் சொட்டினால் வால்வு ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். அணைத்த பிறகும் ராப்பகலாகச் சொட்டினால் உள்ளே உப்புத் துகள் மாட்டியிருக்கலாம். நெம்பை நாலைந்து தடவை தூக்கி விடுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் வால்வை மாற்றுங்கள். தெர்மோஸ்டாட் கெட்டு, வால்வும் அடைபட்ட கீசர் வெடிக்கும். சுவரோடு பிய்த்துக்கொண்டு போகும்.

இன்னொரு பின்சேர்க்கை: சூடாக நேரமாகிறது

சுத்தம் செய்தும் நேரமாகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். முழு வோல்டேஜ் (230) இருந்தால் 2000 வாட் காயில் உள்ள 15 லிட்டர் கீசர், தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 17 நிமிஷம் போதும். வோல்டேஜ் 200க்கு இறங்கினால் அதே காயில் 1500 வாட்தான் கொடுக்கும், 23 நிமிஷம் ஆகும். காலை ஆறிலிருந்து ஏழு வரை தெரு முழுக்க கீசர் ஓடுகிற நேரத்தில் மல்டிமீட்டரைப் பிளக்கில் வைத்துப் பாருங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தும் இழுத்தால், தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படலாம்.

அழுகின முட்டை நாற்றம் வருகிறது என்று ஆம்பூர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார். மெக்னீசிய ஆனோடும், தண்ணீரில் இருக்கும் சல்பேட்டும், ஒரு வகை பாக்டீரியாவும் சேர்ந்து செய்கிற வேலை அது; பல மாதம் ஓடாமல் கிடந்த கீசரில் அதிகம் வரும். டேங்கை முழுக்க வடித்து, தண்ணீர் பிடித்து, ஒரு தடவை உச்ச சூட்டில் ஓடவிட்டு, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிடுங்கள். திரும்பவும் வந்தால் அலுமினியம்-துத்தநாக ஆனோடு உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று கடையில் விசாரியுங்கள். நாற்றம் தாங்காமல் ஆனோடையே கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. நாற்றம் நின்றுவிடும், டேங்கும் சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.