ரெட்டினால் எரிகிறதா? பாகுச்சியாலை முகத்துக்குப் பழக்கும் முறை

ரெட்டினால் பூச ஆரம்பித்து, மூக்கோரம் தோல் உரிந்து, தண்ணீர் பட்டாலே சுரீரென்கிறது என்று பாட்டிலை ஓரம் கட்டியவர்கள் நிறையப் பேர். ரெட்டினால் என்பது வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம். தோலுக்குள் போய் ரெட்டினாயிக் அமிலமாக மாறி, செல்கள் புதுப்பிக்கப்படும் வேகத்தைக் கூட்டும். தோலை உறுதியாக வைக்கும் கொலாஜன் என்ற புரதம் உருவாவதையும் தூண்டும். அதனால்தான் சுருக்கம், கருந்திட்டு, பரு எல்லாவற்றுக்கும் அதைச் சொல்கிறார்கள். ஆனால் வறண்ட தோலும், சட்டென்று சிவக்கும் தோலும் அந்த வேகத்தைத் தாங்காது.

செடியிலிருந்து வரும் மாற்றுகள் என்று ஏகப்பட்டது விற்கிறது. அவற்றில் ரெட்டினாலோடு நேருக்கு நேர் வைத்து மனிதர்களிடம் சோதித்த ஆதாரம், கார்போகரிசி விதையிலிருந்து எடுக்கும் பாகுச்சியாலுக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் டெர்மட்டாலஜி என்ற தோல் மருத்துவ இதழ் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் 44 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு குழு 0.5% பாகுச்சியால் கிரீமைக் காலையும் இரவும் பூசியது. இன்னொரு குழு 0.5% ரெட்டினால் கிரீமை நாளுக்கு ஒரு வேளை பூசியது. 12 வாரம் கழித்து இரண்டு குழுவிலும் சுருக்கமும் கருமையும் குறைந்திருந்தன. பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ரெட்டினால் குழுவில்தான் தோல் உரிவதும் எரிச்சலும் அதிகம்.

நல்ல செய்திதான். ஆனால் 44 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ரெட்டினாலுக்கும் அதன் உறவுக்கார மருந்துகளுக்கும் பல பத்தாண்டு ஆய்வுகள் இருக்கின்றன. 'ரெட்டினாலுக்கு நிகர்' என்ற விளம்பரத்தைப் பாதி நம்பினால் போதும்.

முதல் படி: அரைத்துப் பூசும் யோசனையை விட்டுவிடுங்கள்

பாகுச்சியால் கிடைப்பது கார்போகரிசியிலிருந்து. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்களே, குளியல் பொடியில்கூடச் சேர்ப்பார்களே, அதே கறுத்த சின்ன விதைதான். 1966-ல் இந்திய விஞ்ஞானிகள் இந்த விதையிலிருந்துதான் பாகுச்சியாலைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள்.

'அப்படியென்றால் விதையை வாங்கி அரைத்துப் பூசினால் செலவு மிச்சமாச்சே' என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். அதே விதையில் சொராலென் என்ற பொருளும் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், புற ஊதா ஏ கதிரை வாங்கிக்கொண்டு செல்லின் டிஎன்ஏ-வோடு ஒட்டிக்கொள்ளும். உடனே ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துச் சிவந்து, கொப்புளம் கிளம்பி, ஆறிய பிறகும் மாதக்கணக்கில் கருந்தழும்பு நிற்கும். வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைச் சித்த வைத்தியத்தில் பயன்படுத்துவது வழக்கம்; நவீன மருத்துவத்திலும் சொராலென் கொடுத்து, அளந்த புற ஊதா ஒளி காட்டும் சிகிச்சை உண்டு. இரண்டுமே வைத்தியர் கண்காணிப்பில் நடப்பவை. கருமையைப் போக்க நினைத்துப் பூசியவருக்குக் கருமை கூடினால் யாரிடம் போய்ச் சொல்வது? (முகத்தில் எலுமிச்சை தேய்த்துக்கொண்டு வெயிலில் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அதிலும் இந்த வகைப் பொருள்தான் இருக்கிறது.)

குளியல் பொடி தேய்த்த உடனே கழுவப்படுவதால் ஆபத்து குறைவு. ஆனாலும் முகத்துக்குத் தனியாகப் பொடி அரைக்கும்போது கார்போகரிசியை நான் சேர்க்க மாட்டேன்.

இரண்டாம் படி: லேபிளைப் படியுங்கள்

உட்பொருள் பட்டியலில் 'பாகுச்சியால்' என்ற பெயர் தனியாக இருக்க வேண்டும். சொராலியா கோரிலிஃபோலியா (கார்போகரிசியின் தாவரப் பெயர்) விதை எண்ணெய் என்றோ சாறு என்றோ மட்டும் இருந்தால் அது வேறு சரக்கு. பாப்ச்சி ஆயில் என்று விற்பதும் அதுதான். அதில் சொராலென் இருக்கலாம். சொராலெனை நீக்கிச் சுத்திகரித்த பாகுச்சியால்தான் நமக்கு வேண்டியது.

அளவு 0.5 முதல் 1 சதவீதம் வரை இருந்தால் சரி. 1 சதவீதத்துக்குக் கீழே உள்ள பொருள்களைப் பட்டியலில் எந்த வரிசையிலும் போடலாம் என்பதால், பெயர் எங்கே இருக்கிறது என்பதை வைத்து எடை போட முடியாது. சதவீதத்தைத் தெளிவாக அச்சிட்டிருப்பதையே வாங்குங்கள். வாசனைத் திரவியம் சேர்க்காததாகப் பாருங்கள். இன்னொன்று: சில சீரம்களில் பாகுச்சியாலோடு ரெட்டினாலையும் கலந்திருப்பார்கள். எரிச்சலுக்குப் பயந்து மாறுகிறவர் அதையே வாங்கி வந்துவிடக் கூடாது.

மூன்றாம் படி: கையில் சோதனை

முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில், தினம் இரண்டு வேளை, 7 முதல் 10 நாள் பூசிப் பாருங்கள். ஒரே நாளில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், ஒவ்வாமை தலைகாட்டச் சில நாள் ஆகும். பாகுச்சியாலால் ஒவ்வாமை வந்த நோயாளிகளைப் பற்றித் தோல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அரிது, ஆனால் இல்லாததில்லை. அரித்தால், தடித்தால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

நான்காம் படி: இரவில் தொடங்குங்கள்

முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், இரவில் மட்டும். மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்து, இரண்டு மூன்று சொட்டு சீரம், அதன் மேல் மாய்ஸ்சரைசர். வாங்கியது எண்ணெய் வடிவில் இருந்தால் வரிசையை மாற்றி, மாய்ஸ்சரைசருக்கு அப்புறம் பூசுங்கள். இமையையும் உதட்டோரத்தையும் விட்டுவிடுங்கள்.

தோல் அமைதியாக இருந்தால் தினமும் இரவு. இன்னும் இரண்டு வாரம் கழித்துக் காலையிலும். ரெட்டினால் வெளிச்சத்தில் சிதைந்துவிடும், அதனால் இரவுக்கு மட்டும். பாகுச்சியாலுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆய்விலும் இரு வேளைதான் பூசினார்கள். பழகும் வரை, இறந்த செல்லை உரிக்கும் கிளைகாலிக் அமிலம், ஸ்க்ரப் இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். ஒரே நேரத்தில் நாலு புதுப் பொருளைத் தொடங்கினால் எது எரிகிறது என்றே தெரியாது.

ஐந்தாம் படி: சன்ஸ்கிரீன்

எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவைச் சொல்லும் எண்) 30 அல்லது அதற்கு மேல். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். பொட்டு வைப்பதுபோல் தொட்டுக்கொண்டால் பயனில்லை. கருந்திட்டைக் குறைக்க எதைப் பூசினாலும், வெயில் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

ஆறாம் படி: 12 வாரம் பொறுங்கள்

தொடங்கும் நாளில் ஒரு படம் எடுங்கள். அப்புறம் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதே ஜன்னலோரம், அதே நேரம், மேக்கப் இல்லாமல். தினமும் கண்ணாடி பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் பிடிபடாது. 12 வாரத்துக்குப் பிறகும் வித்தியாசமே இல்லை என்றால், இன்னொரு பாட்டில் வாங்க வேண்டிய அவசியமில்லை.

மற்ற செடிகள்?

ரோஸ்ஹிப் (காட்டு ரோஜாக் காய்) எண்ணெயில் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் அதிகம். வறட்சிக்கு நல்லது, சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும் என்பதால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ரெட்டினால் வேலையை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். வைட்டமின் ஏ-க்காகக் கேரட்டை அரைத்துப் பூசுவதைவிடச் சாப்பிடுவது மேல். ராஜஸ்தானில் விளையும் மோத் பயறின் சாற்றையும் இப்போது 'செடி ரெட்டினால்' என்று விற்கிறார்கள். அதைப் பற்றிப் பேசுவது பெரும்பாலும் விற்பவர்கள்தான்.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு

ரெட்டினாலைத் தவிர்க்கச் சொல்வார்கள், அதனால் பலரும் பாகுச்சியாலுக்கு வருகிறார்கள். ஆனால் கர்ப்பிணிகளிடம் இதை முறையாகச் சோதித்ததில்லை. செடியிலிருந்து வந்தது என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. பாட்டிலைக் கையோடு எடுத்துப்போய் மகப்பேறு மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். பாலூட்டும் தாய்மார்களும் அப்படியே. சீழ் வைத்த பரு, கன்னத்தில் பரவும் மங்கு, ஆறாத படை இருப்பவர்கள் சீரம் தேடாமல் நேராகத் தோல் மருத்துவரிடம் போய்விடலாம்.