‘காலனி’ என்றதும் பேனாவை ஓட்டாதீர்கள்

இந்த மாதம் திருத்துவதற்கு வந்த மூன்று மொழிபெயர்ப்புகளிலும் ‘காலனைசேஷன்’ (colonization) என்ற ஆங்கிலச் சொல் வந்த இடமெல்லாம், அந்நியர் ஆட்சியைக் குறிக்கும் ‘காலனியாதிக்கம்’ என்றே இருந்தது. இடத்துக்கு இடம் பொருள் மாறும் சொல் அது. சிவப்புப் பேனாவை எடுத்தபோது கோபம் பாதி அவர்கள்மீது, பாதி என்மீது. இருபது வருடங்களுக்கு முன்பு நானும் இதே பள்ளத்தில்தான் விழுந்தேன்.

இரண்டு சுழி, மூன்று சுழி

காலணி என்பது செருப்பு. அடுத்ததற்குப் போவோம்.

குடியேற்றத்தை ஆதிக்கமாக்குவது

நான் விழுந்தது இலங்கை அரசியல் பற்றிய ஒரு கட்டுரையில். பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் 1957இல் செய்துகொண்ட ஒப்பந்தம் அதில் வருகிறது. காணி பெறுவோரைத் தெரிவுசெய்யும் அதிகாரம் பிரதேச சபைகளுக்கு உண்டு என்ற பகுதியை, ‘காலனியாதிக்கத் திட்டங்களில்’ என்று கம்பீரமாகத் தொடங்கினேன். அச்சாகியும் விட்டது. மட்டக்களப்பு வாசகர் ஒருவர் கடிதம் எழுதினார்: “வெள்ளைக்காரன் 1948இலேயே போய்விட்டான். 1957இல் யாருடைய ஆதிக்கத்துக்கு எங்கள் தலைவர் ஆள் பொறுக்கப் போனார்?”

மூலத்தில் இருந்தது குடியேற்றத் திட்டம். உலர் வலயத்தில் குளமும் வாய்க்காலும் கட்டி, வேறு மாவட்டங்களிலிருந்து நிலமற்ற குடும்பங்களைக் கொண்டுவந்து, வயலும் மனையும் கொடுத்து அமர்த்துவது. 1949இல் தொடங்கிய கல்லோயா, பிறகு கந்தளாய் என்று அந்தப் பெயர்களைக் கிழக்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காணி பெற்றவர் குடியேற்றவாசி. யாரைக் கொண்டுவந்து குடியேற்றுவது, சிங்களவரையா தமிழ் பேசுபவரையா என்பதில்தான் சண்டையே. என் ஒற்றைச் சொல் அந்தச் சண்டையை அழித்துப் பழியை லண்டன் கணக்கில் எழுதிவிட்டது.

அதுவும் ஆதிக்கம்தான் என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தில் வலுவும் உண்டு. அதைக் கட்டுரையாளர் சொல்லட்டும். ஒப்பந்த வாசகத்துக்குள் நாம் செருகக் கூடாது. சொல்லின் லத்தீன் வேரைத் தோண்டினாலும் கிடைப்பவன் ‘கொலோனுஸ்’, அதாவது உழவன், ஆள்பவன் அல்ல.

கிருமி

ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பலருடைய மூக்கில் ஒரு தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கிறது. மருத்துவத்தில் இதற்கும் ‘காலனைசேஷன்’ என்றுதான் பெயர். அதைத் ‘தொற்று’ என்று எழுதினால் நன்றாக இருப்பவரை நோயாளியாக்கிவிடுவீர்கள். ‘குடிகொள்ளல்’ போதும்.

ஏகாதிபத்தியம்

ஒரு நாடு இன்னொன்றைத் தன் பிடிக்குள் வைத்திருப்பது இது. காலனி இல்லாமலும் நடக்கும். அதனால் ‘காலனியாதிக்கம்’ இதற்கு மாற்றுச் சொல் அல்ல.

நம்மூர்க் காலனி

நகரத்தில் அரசு ஊழியர்கள் வீடு கட்டிய காலனி வேறு. ஊருக்கு வெளியே தள்ளிவைத்த தலித் மக்களின் குடியிருப்புக்கு ஊர் வைத்த ‘காலனி’ வேறு. இரண்டாவது வசவாகவே புழங்குவதால்தான், அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல் நீக்கப்படும் என்று தமிழக முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். போன வாரம் ஒரு கிராமத்துக் கதைக்கு அடிக்குறிப்பு எழுதிய தம்பி, ‘காலனி: பூங்கா, நலச் சங்கம் முதலிய வசதிகள் கொண்ட குடியிருப்பு’ என்று எழுதியிருந்தான். அடித்துவிட்டுக் கதையை இன்னொரு முறை படிக்கச் சொன்னேன்.