மெக்கானிக் ஏறினால் மட்டும் வராத சத்தம்: காரில் அதைத் தேடும்போது நாம் செய்யும் தவறுகள்

காரில் திடீரென்று 'டொக்' என்று ஒரு சத்தம். ஒரு வாரமாகத் தினமும் வருகிறது. சனிக்கிழமை லீவு போட்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனால், மெக்கானிக் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து கார் வாயை மூடிக்கொள்கிறது. "வண்டி நல்லாத்தானே சார் இருக்கு?" என்று அவர் கேட்கும்போது நம் காது மேல் நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

எப்போதும் வரும் சத்தத்தைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. விட்டுவிட்டு வருவதுதான் படுத்தும், பணமும் அதில்தான் போகும். என் பணம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது ஒன்பது வருடப் பழைய பெட்ரோல் வண்டி. ஆபீஸ் முடிந்து வீடு திரும்பும்போது தெருமுனை வேகத்தடையில் பின்னால் இடதுபக்கம் ஒரு 'டொக்'. காலையில் அதே வேகத்தடையைத் தாண்டித்தான் போகிறேன், அப்போது வராது. பகலெல்லாம் வெயிலில் நிற்கிறது, சூட்டில் ஏதோ ரப்பர் இளகிவிடுகிறது என்று நானே தீர்ப்பு எழுதி, அதையே ஒர்க்‌ஷாப்பிலும் சொன்னேன். பின்பக்கம், வேகத்தடை, வயசான வண்டி என்று கேட்டதும் "ஷாக் அப்சார்பர் போயிருக்கும் சார்" என்றார்கள். இரண்டு பக்கமும் மாற்றி, நாலாயிரத்துச் சொச்சம் பில். சத்தம் நின்றது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் 'டொக்'.

கடைசியில் பார்த்தால் ஜாக்கி. ஒரு மாதத்துக்கு முன் பஞ்சராகி ஸ்டெப்னி மாற்றியிருந்தேன். வேலை முடிந்ததும் ஜாக்கியை அதன் இடத்தில் வைத்தேனே தவிர, ஸ்க்ரூவைத் திருகி இறுக்கவில்லை. காலையில் ஏன் வரவில்லை? பிள்ளைகளின் புத்தகப் பைகள் இரண்டு டிக்கியில் அதன் மேல் சாய்ந்து அழுத்திக்கொண்டிருந்தன. மாலையில் டிக்கி காலி. ஷாக் அப்சார்பர் மாற்றியதும் ஏன் நின்றது? சாமான்களை வெளியே எடுத்துத் திரும்ப வைத்த பையன், கிடந்த பழைய வேட்டித் துணியை அந்தச் சந்தில் திணித்திருக்கிறான். ஒரு மழை நாளில் கண்ணாடி துடைக்க அதை உருவினேன். அன்று மாலையே சத்தம் திரும்பிவிட்டது.

எப்போது வரவில்லை?

சத்தம் எப்போது வருகிறது என்று எல்லோரும் கவனிக்கிறோம். எப்போது வரவில்லை என்று கவனிக்க மறந்துவிடுகிறோம். துப்பு பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் இருக்கும். காலைக்கும் மாலைக்கும் வெயில்தான் வித்தியாசம் என்று நினைத்தேன். பைகள் என் கண்ணில் படவே இல்லை.

இன்னொரு உதாரணம். மேடுபள்ளத்தில் முன்சக்கரப் பக்கம் 'கடகட' என்கிறது. பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றுவிடுகிறது. அப்படியானால் சஸ்பென்ஷனை (ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் சமாசாரங்களை) விட்டுவிட்டு முதலில் பிரேக் பேடையும், அதைத் தாங்கும் காலிப்பரின் பின்னையும் பாருங்கள். தளர்ந்து ஆடும் பேடை, பிரேக் அழுத்தம் பிடித்துக்கொள்வதால்தான் சத்தம் அடங்குகிறது. நியூட்ரலில் நிற்கும்போது 'உர்ர்' என்று வந்து, கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் உள்ளே ஒரு பேரிங் மேல் சந்தேகம் போக வேண்டும். மிதிக்கும்போதுதான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். ஏசியை அணைத்தால் வரவில்லையா, தனியாகப் போனால் வரவில்லையா, மழையன்று வரவில்லையா என்று ஒரு வாரம் சின்ன நோட்டில் குறித்து வையுங்கள். போனில் குறித்தாலும் சரி, ஓட்டும்போது மட்டும் வேண்டாம்.

கூடவே இன்னொரு கேள்வி: சத்தம் தொடங்குவதற்கு முன்னால் வண்டியில் என்ன நடந்தது? பஞ்சர், சர்வீஸ், புது ஸ்பீக்கர், தண்ணீர் தேங்கிய ரோட்டில் போனது, எலி நுழைந்தது, எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். பஞ்சருக்கும் இந்தச் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து நான் மெக்கானிக்கிடம் வாயே திறக்கவில்லை.

வண்டியைக் காலி செய்யாமல் பார்ட் மாற்றுவது

காசு செலவில்லாத பரிசோதனை இதுதான், ஆனால் யாரும் செய்வதில்லை. டிக்கி, சீட்டுக்கு அடி, கதவுப் பைகள், டேஷ்போர்டு டிராயர் எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். ஜாக்கி, ஸ்பானர், ஸ்டெப்னி உட்பட. அப்புறம் அதே ரோட்டில் அதே வேகத்தில் ஒரு ரவுண்டு. சத்தம் போய்விட்டால் சாமான்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வேகத்தடையை நான் எட்டு முறை ஏறி இறங்கினேன். எதிர்வீட்டுத் தாத்தா வாசலுக்கே வந்து, "என்னப்பா, லைசென்ஸ் எடுக்கப் பழகுறியா?" என்று கேட்டார். ஏழாவது தடவை ஜாக்கியை வைத்தேன். டொக்.

காலி சீட்டின் பெல்ட் பக்கிள் பக்கவாட்டுத் தூணில் தட்டுவது, கூலிங் கிளாஸ் டப்பா, கப் ஹோல்டரில் சில்லறை, தளர்ந்த நம்பர் பிளேட், எல்லாம் சஸ்பென்ஷன் மாதிரியே நடிக்கும். சீட்டுக்கு அடியில் ஸ்டீல் பாட்டில் உருண்டால் சத்தத்தை விட்டுத்தள்ளுங்கள், அது பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

எஞ்சினா, சக்கரமா என்று பிரிக்காமல் குழம்புவது

சத்தம் எஞ்சின் வேகத்தோடு போகிறதா, வண்டியின் வேகத்தோடு போகிறதா? இதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நின்ற இடத்தில் நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். வந்தால் எஞ்சின் பக்கம்: பெல்ட், மவுன்டிங், சைலன்சர் மேலிருக்கும், வெப்பத்தைத் தடுக்கும் தகடு. நிற்கும்போது வரவில்லை, ஓடும்போது மட்டும் வருகிறது என்றால், ஆள் இல்லாத சமமான ரோட்டில் கிளட்சை மிதியுங்கள். எஞ்சின் அடங்கியும் சத்தம் அதே மாதிரி தொடர்ந்தால் சக்கரம், டயர், பேரிங், ஆக்சில் பக்கம். கியர் வண்டிக்குத்தான் இந்தச் சோதனை. மலைப்பாதை இறக்கத்தில் கூடவே கூடாது. ஓடும்போது சாவியைத் திருப்பி எஞ்சினை அணைப்பது அதைவிட முட்டாள்தனம். பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் பூஸ்டரும் கைவிட்டுவிடும், சில வண்டிகளில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

எண்ணிப் பார்ப்பதும் உதவும். 14 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் உருளும். 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஐந்தரை மீட்டர் போகிறது, அதாவது சக்கரம் நொடிக்கு மூன்று சுற்றுக்குச் சற்றுக் குறைவு. அந்த வேகத்தில் 'டக், டக், டக்' என்று நொடிக்கு மூன்று வந்தால் சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று. டயர் பள்ளத்தில் சிக்கிய ஜல்லியாகவோ ஆணியாகவோ கூட இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். எஞ்சின் ஐடிலில்கூட நிமிடத்துக்கு 800 தடவை, அதாவது நொடிக்குப் பதின்மூன்று தடவை சுற்றும். அந்தச் சத்தத்தை வாயால் எண்ண முடியாது.

'ஊஊ' என்று வேகத்தோடு ஏறும் சத்தத்துக்கு வீல் பேரிங் மேல்தான் எல்லோரும் பாய்கிறார்கள். தாறுமாறாகத் தேய்ந்த டயரும் அச்சு அசலாக அப்படித்தான் கத்தும். காலி ரோட்டில் ஸ்டீயரிங்கை மெதுவாக இடதும் வலதும் அசைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களுக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்க பேரிங் மேல் சந்தேகப்படலாம். எந்தப் பக்கம் அசைத்தாலும் மாறவில்லையா? முன் டயர்களையும் பின் டயர்களையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் பேரிங்கை விட்டுவிடுங்கள், டயர்தான்.

காதை நம்புவது

காரின் உடல் முழுக்க இரும்புத் தகடு. முன் வலதில் பிறந்த சத்தம் தகடு வழியாக ஓடி இடதுபக்கத்தில் கேட்கலாம். அதனால் "இந்தப் பக்கம்தான்" என்று மெக்கானிக்கிடம் அடித்துச் சொல்லாதீர்கள். வேறொருவரை ஓட்டச் சொல்லி, நீங்கள் பக்கத்து சீட்டிலும் பின் சீட்டிலும் மாறி மாறி உட்கார்ந்து கேளுங்கள். பக்கத்தில் இருப்பவர் ஸ்பீடோமீட்டர் தெரியும்படி வீடியோ எடுத்தால் வேகமும் சத்தமும் ஒன்றாகப் பதிந்துவிடும். போன் காலில் கேட்க வைக்க நினைக்காதீர்கள். பின்னணிச் சத்தத்தை வடிகட்டவே அதில் ஏற்பாடு உண்டு.

பார்ட் பெயர் சொல்வதைவிடச் சத்தத்தின் பெயர் சொல்வது நல்லது. இந்த விஷயத்தில் தமிழனுக்குக் கவலையே இல்லை, இரட்டைக்கிளவி கொட்டிக் கிடக்கிறது. 'லொடலொட' வேறு, 'கறகற' வேறு, 'கீச்கீச்' வேறு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'டக்டக்டக்' என்றால் ஆக்சில் ஜாயின்ட் என்று அனுபவசாலி உடனே பிடித்துக்கொள்வார். சின்னச் சின்னப் பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது மட்டும் 'லொடக்' என்றால் லிங்க் ராடில் (சஸ்பென்ஷனில் இருக்கும் சின்ன இணைப்புக் கம்பி) தொடங்குவார்.

லிஃப்டில் தூக்கிப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்பது

இது ஒர்க்‌ஷாப் பக்கத்துத் தவறு. வண்டியைத் தூக்கியதும் சக்கரங்கள் தொங்குகின்றன. ரோட்டில் இருந்த எடை ஜாயின்ட்களில் இல்லை. ரோட்டில் ஆடுவது தொங்கும்போது ஆடாமல் போகலாம். லிங்க் ராடு, புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை) மாதிரி சமாசாரங்களைச் சக்கரம் தரையில் நிற்கும்போது, ஒருவர் வண்டியைக் குலுக்க இன்னொருவர் கை வைத்துப் பார்க்க வேண்டும். சர்வீஸ் பள்ளம் உள்ள பழைய ஒர்க்‌ஷாப்புகள் இதில் ஒரு படி மேல். லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் கை) புஷ் மாற்றினாலும் போல்ட்டைக் கடைசியாக முறுக்குவது சக்கரம் தரையில் இருக்கும்போதுதான். தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். புது புஷ்ஷில் புது சத்தம்.

ஒரே நாளில் மூன்று பார்ட் மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். சத்தம் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது, திரும்ப வந்தால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். நான் மாற்றியது ஒரே பார்ட்தான்; என் கணக்கில் வராமல் மாறியது அந்த வேட்டித் துணி.

கீச் என்றதும் கையில் கிடைக்கும் ஸ்ப்ரேயை அடிப்பதும் இதே ரகம். பெட்ரோலிய எண்ணெய் சாதாரண ரப்பர் புஷ்ஷை உப்ப வைத்துக் கெடுக்கும். பெல்ட்டில் அடித்தால் வழுக்கும். கதவு ரப்பருக்கு சிலிக்கான் ஸ்ப்ரே போதும்.

விட்டுவிடலாம், விடக்கூடாது

எஞ்சினை அணைத்தபின் 'டிக்... டிக்' என்பது சைலன்சர் குழாய் ஆறிச் சுருங்கும் சத்தம். அணைத்த பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடலாம். மழையில் நின்ற வண்டியை எடுத்ததும் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் 'சர்ர்' என்று வருவது டிஸ்க்கில் படிந்த துரு. இவற்றுக்காக யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

ஆனால் டயர் கழற்றி மாட்டிய பிறகு 'தொம் தொம்' என்று வந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி வீல் நட்டைப் பாருங்கள். பிரேக் மிதிக்கும்போது இரும்போடு இரும்பு உரசினால் வீடு வரைக்கும்கூட ஓட்டாதீர்கள். டேஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிய, எஞ்சினும் 'கடகட' என்றால் உடனே நிறுத்திவிட்டு டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள். இந்த மூன்றுக்கும் நோட்டுப் போட்டுக் குறிப்பெடுக்க நேரமில்லை.

அப்புறம் காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வரும் சத்தம். அதற்கு வண்டியைக் காலையில் ஓட்டிக்கொண்டு போவதே தவறு. ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகிவிடும், சத்தம் போய்விடும். முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் பெரிய மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்து பக்கத்தில் நிற்கும்வரை யாரும் சாவி போடக்கூடாது என்று ஒரு சீட்டு எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் முதலில் வரும் பையன் வண்டியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.