சிம்பொனி கேட்க ஆசை இருக்கிறதா? நடுவில் இருந்து தொடங்குங்கள்

2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை, அதாவது பெரிய இசைக்குழு வாசிக்கப் பல பகுதிகளாக எழுதும் படைப்பை, அரங்கேற்றிய பிறகு எங்கள் சர்ச் கொயரில் இருக்கிற பிள்ளைகள் பலரும் சிம்பொனி சிம்பொனி என்று தேடிக் கேட்க ஆரம்பித்தார்கள், ஒரு மாதத்தில் விட்டும்விட்டார்கள். "அண்ணா, பத்து நிமிசத்துல உறக்கம் வந்துருது" என்றான் மார்த்தாண்டத்துப் பையன் ஒருவன். அவன் காதில் ஒரு கோளாறும் கிடையாது. ஆல்டோ, டெனர் என்று மற்றக் குரல்காரர்கள் பக்கத்தில் நின்று வேறு வேறு பாடும்போது பாஸ் என்கிற தன் அடிக்குரல் வரியை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறவன் அவன். முக்கால் மணி நேரப் படைப்பை முதல் நொடியில் இருந்து ஒரே மூச்சில் கேட்க உட்கார்ந்ததுதான் சிக்கல். அவனுக்குச் சொல்லிக் கொடுத்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு சிம்பொனியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது அன்டோனின் துவோர்ஷாக்கின் ஒன்பதாவது, 'புதிய உலகிலிருந்து'. செக் நாட்டுக்காரர், 1892ல் நியூயார்க்கில் ஓர் இசைக் கல்லூரிக்குத் தலைவராகப் போனார், அடுத்த வருடம் இதை எழுதினார், 1893 டிசம்பர் 16 அன்று கார்னகி ஹாலில் அரங்கேறியது. நாலு பகுதி, மொத்தம் 40 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. உணர்ச்சிக்கு முதலிடம் கொடுத்த பத்தொன்பதாம் நூற்றாண்டு ரொமான்டிக் காலத்துச் சிம்பொனிகளில் இதை விடப் பெரியதும் ஆழமானதும் உண்டு, ஆனால் வாய்விட்டுப் பாடிப் பார்க்கிற மாதிரி மெட்டுகள் இதில்தான் வரிசையாக வருகின்றன. பாடிப் பழகிய காதுக்கு அதுதான் பிடி.

நல்ல ஹெட்செட் வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். போன் ஸ்பீக்கரில் டபுள் பாஸ் என்கிற ஆளுயர அடிக்குரல் வயலின் காதில் விழாது, அது விழாவிட்டால் பாதி இசை இல்லை. சத்தத்தை எவ்வளவு வைப்பது என்பதற்கு ஒரு வழி உண்டு: முதல் பகுதியைப் போட்டால் ஒரு நிமிடம் வாக்கில் திடீரென்று டிம்பனி என்கிற பெரிய முரசு முழங்கும், அது காதை உறுத்தாத அளவுக்கு வைத்துவிட்டு அப்புறம் கையை எடுத்துவிடுங்கள். மெல்லிய இடம் வரும்போது கூட்டக் கூடாது. அந்த மெல்லிய இடங்கள் மெல்லியதாகவே கேட்க வேண்டியவை.

சரி, இப்போது முதல் பகுதியை விட்டுவிட்டு இரண்டாவதற்குப் போங்கள். லார்கோ என்று போட்டிருக்கும், 12 நிமிடம் போல வரும். தொடக்கத்தில் பித்தளைக் குழல்கள் சேர்ந்து மெதுவாகச் சில கார்டுகள், அதாவது பல சுரம் ஒன்றாக ஒலிக்கிற கூட்டுகள், வாசிக்கும், பாமாலை பாடத் தொடங்கும் முன் ஆர்கனில் கேட்கிற மாதிரியே இருக்கும். இ மைனர் சுருதியில் முடிந்த முதல் பகுதியில் இருந்து டி ஃப்ளாட் மேஜர் என்கிற ரொம்ப எட்டத்துச் சுருதிக்கு நாலே நாலு பாரில், அதாவது நாலு தாளச் சுற்றில், நம்மைக் கொண்டுபோய் இறக்கிவிடுகிற கார்டுகள் அவை. கொயரில் பாடுகிறவர்கள் கீபோர்டில் வாசித்துப் பாருங்கள், எந்த இடத்தில் தரை நழுவுகிறது என்று விரலுக்கே தெரியும்.

அதன் பிறகு இங்கிலீஷ் ஹார்ன். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது ஓபோ என்கிற மரக் குழலின் பெரிய அண்ணன், நாதஸ்வரத்துச் சீவாளி மாதிரியே நாணலில் செய்த இரட்டை நாக்கு. கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த நாணல் குரல் உடனே பிடிபடும், இது அதையே தணித்து மனசுக்குள் பேசுகிற மாதிரி இருக்கும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பழைய பக்திப் பாட்டு ஒன்றை துவோர்ஷாக் எடுத்துப் போட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ்: துவோர்ஷாக்கின் மாணவர் வில்லியம் ஆம்ஸ் ஃபிஷர் 1922ல்தான் இந்த மெட்டுக்கு வார்த்தை எழுதினார், அதுதான் பிறகு பாட்டாகப் பரவியது.

முதல் தடவை இந்த மெட்டை மட்டும் கூடவே முனகிக்கொண்டு போங்கள், வேறு எதையும் கவனிக்க வேண்டாம். மறுநாள் மெட்டை விட்டுவிட்டுக் கீழே போங்கள். நடுப்பகுதியில் கிளாரினெட்டுகள் பாடிக்கொண்டிருக்கும்போது டபுள் பாஸ் வில்லை வைத்துவிட்டு விரலால் சுண்டிக்கொண்டே நடக்கும், ராத்திரியில் யாரோ தனியாக நடந்து போகிற மாதிரி. அதையே பிடித்துக்கொண்டு போங்கள். கொயரில் பக்கத்து ஆளின் வரியைக் காதில் வாங்கிக்கொண்டே நம் வரியைப் பாடுகிறோமே, அதே வேலைதான். நம் குமரி மாவட்டத்தில் இந்தப் பயிற்சி இல்லாத சர்ச் குறைவு, அதனால்தான் 'இதெல்லாம் நமக்கு வராது' என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் முடிவை மட்டும் கேளுங்கள். பெரிய முழக்கம் ஒன்று எழுந்து அடங்கிய பிறகு அதே மெட்டு திரும்பி வரும், ஆனால் இங்கிலீஷ் ஹார்ன் தொடங்கியதை இந்த முறை ஒரு சில தந்திக் கருவிக்காரர்கள் மட்டும் எடுத்து வாசிக்க, வரியின் நடுவிலேயே நின்று நின்று போகும். ஒன்றுமே இல்லாத நிசப்தம், அப்புறம் மிச்ச வரி. சிடி கெட்டுப்போனதா என்று நினைத்தவர்கள் உண்டு, துவோர்ஷாக் எழுதியதே அப்படித்தான். எங்கள் கொயரோடு துக்க வீட்டுக்குப் பாடப் போயிருந்த ஒரு நாள், எனக்குப் பக்கத்தில் நின்ற டெனர் அண்ணனுக்கு வரியின் பாதியில் தொண்டை அடைத்துவிட்டது. இறந்தவர் அவருக்கு வேண்டப்பட்டவர். நாங்கள் அத்தனை பேரும் அவருக்காக ஒரு மூச்சு நிறுத்தி, அவர் தலையை ஆட்டியதும் மறுபடி எடுத்தோம். லார்கோவின் அந்த நிசப்தம் வரும்போதெல்லாம் அந்த ஒரு மூச்சு எனக்கு ஞாபகம் வருகிறது. கடைசி கார்டை டபுள் பாஸ்கள் மட்டும் நாலு குரலாகப் பிரிந்து ரொம்ப மெல்ல வாசித்து முடிக்கும்.

லார்கோ மனசில் உட்கார்ந்த பிறகு, ஒரு வாரம் ஆகட்டும், முதல் பகுதிக்குப் போகலாம். டிம்பனி முழக்கம் தணிந்து வேகம் பிடிக்கிற இடத்தில் பிரெஞ்சு ஹார்ன் என்கிற சுருள் பித்தளைக் குழல் ஒரு மெட்டு எடுக்கும், படி ஏறி இறங்குகிற வடிவம். அதை நன்றாக மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள், ஏனென்றால் இனி உங்கள் வேலை அந்த ஆளைத் தேடுவதுதான். லார்கோவில் பெரிய முழக்கம் என்று சொன்னேனே, அதற்குள் டிராம்போன் என்கிற பித்தளைக் குழல்கள் எடுப்பது இதைத்தான். மூன்றாவதிலும் வருவான், நாலாவதிலும் லார்கோவின் மெட்டோடு சேர்ந்து வருவான். இப்படிப் பழைய ஆள் புது வேஷத்தில் திரும்பி வருவது ரொமான்டிக் காலத்தவர்களுக்கு ரொம்பப் பிடித்த விஷயம், 1830லேயே பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் தன் சிம்பொனி ஒன்றில் ஒரே மெட்டை ஐந்து பகுதியிலும் நடக்கவிட்டார்.

மூன்றாவது பகுதி துள்ளல், காலால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் போதும். நாலாவதில் சிம்பல் என்கிற பெரிய தாளத் தட்டு எங்கே வருகிறது என்று கண்டுபிடியுங்கள். மொத்தச் சிம்பொனிக்கும் ஒரே ஒரு தட்டுதான், அதுவும் மெல்ல.

பதிவு என்றால் இசைக்குழுவை நடத்துகிற கண்டக்டர் கரேல் அன்செர்ல் செக் பில்ஹார்மனிக் குழுவோடு 1961ல் செய்ததில் தொடங்குங்கள், பேச்சுமொழி போல இயல்பாக ஓடும். பிறகு பெர்ன்ஸ்டைன் என்கிற இன்னொரு கண்டக்டர் இஸ்ரேல் பில்ஹார்மனிக்கோடு செய்த லார்கோவைக் கேளுங்கள், 18 நிமிடத்துக்கு மேல் இழுத்திருப்பார். எனக்கு அது அதிகம், ஆனால் எழுதி வைத்த ஒரே இசையில் கண்டக்டருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று புரியும். நேரில் கேட்கிற வாய்ப்பு நாகர்கோவில் பக்கம் அமைவது கஷ்டம். மும்பைப் பக்கம் போனால் 2006ல் தொடங்கிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாவின் நிகழ்ச்சி இருக்கிறதா என்று பாருங்கள். பகுதிகளுக்கு நடுவே இப்போது யாரும் கை தட்டுவதில்லை, நாலும் முடிகிற வரை பொறுங்கள்.

அதிலும் இந்தச் சிம்பொனிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்க வேண்டும். எல்லாரும் ஓங்கி அடித்து முடித்துவிட்டார்கள் என்று தோன்றும்போது குழல்களின் கார்டு மட்டும் நீண்டு நின்று கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போகும். வீட்டில் கேட்டாலும் சரி, அது முழுக்க அடங்குகிற வரை ஹெட்செட்டைக் கழற்றாதீர்கள்.