அப்பாவோடு ஏற்காட்டுத் தோட்ட வீட்டில் மார்கழி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துக்காரர்களுக்கு மார்கழிக் குளிர் என்பது காலையில் ஒரு ஸ்வெட்டர் போட்டு, பத்து மணிக்குக் கழற்றி வண்டியில் போட்டுவிடுகிற சமாச்சாரம். ஏற்காட்டில் கணக்கு வேறு. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. ஒரு மணி நேரத்தில் அவ்வளவு ஏறும்போது ஏழெட்டு டிகிரி குறைந்துவிடும். டவுனை விட்டுத் தள்ளி, நாகலூர் பக்கமோ செம்மநத்தம் பக்கமோ மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த தோட்ட வீடு என்றால் தரை, சுவர், மெத்தை எல்லாமே சில்லென்று இருக்கும். நமக்கு அது சுகம். எழுபதைத் தாண்டியவர் உடம்புக்கு அப்படி இல்லை. வயதாக ஆகக் குளிரை உணர்வதும் மந்தமாகும், நடுங்கிச் சூடு பண்ணிக்கொள்ளும் திறனும் குறையும்.

இந்த மாதிரி வாரக்கடைசிப் பயணத்தில் நடக்கிற தவறுகளில் முக்கால்வாசி, பெரியவர் சொல்லும் பதிலை அப்படியே எடுத்துக்கொள்வதால் வருகிறவை. "குளிருதாப்பா?" என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ போய்ப் படு" என்பார். அவருக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். வீட்டைப் பற்றி அவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் கேளுங்கள். எந்த ஜன்னல் அடைக்காது, எந்த வால்வைத் திருப்பினால் தண்ணீர் வரும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். உடம்பைப் பற்றிச் சொன்னால் மட்டும் நீங்களே தொட்டுப் பாருங்கள். கை சில்லென்று இருப்பது சகஜம். சட்டைக்குள் வயிறும் சில்லென்று இருந்தால், பேச்சு குழறினால், பொத்தான் போடத் தடுமாறினால், வழக்கத்துக்கு மாறாகச் சும்மா உட்கார்ந்திருந்தால், அது விளையாட்டில்லை. ஈரத் துணியை மாற்றி, கம்பளி சுற்றி, தலைக்கும் மூடி, நன்றாக விழித்திருந்தால் சூடாகக் குடிக்கக் கொடுத்து, உடனே மருத்துவ உதவிக்குச் சொல்ல வேண்டும். கை கால்களை அழுத்தித் தேய்ப்பது கூடாது. "சூடேறட்டும்" என்று ஒரு பெக் ஊற்றிக் கொடுக்கும் சித்தப்பா எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார், அவரைத் தடுத்து நிறுத்துங்கள். மது தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து சூடு போலக் காட்டும். உள்சூடு வெளியே போய்விடும்.

இருட்டிய பிறகு போய்ச் சேருவது

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து கிளம்பினால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டிலும் பனியிலும் ஏற வேண்டும். போய்ச் சேர்ந்து டார்ச் அடித்துப் பூட்டைத் திறந்தால், வீட்டுக்குள் முதல் ராத்திரி முழுக்க ஈரவாடை. சனிக்கிழமை காலை சீக்கிரம் கிளம்புங்கள். சுற்றுலாக் கூட்டம் வருவதற்குள் மேலே போய்விடலாம், வெயில் இருக்கும்போதே ஜன்னல்களைத் திறந்து மெத்தையையும் ரஜாயையும் முற்றத்தில் போடலாம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லிவிட்டால் அவரே உலர்த்தி வைப்பார். பூஞ்சணம் பிடித்த ரஜாயைப் போர்த்திவிட்டு, ராத்திரி முழுக்க அப்பா இருமுவதற்குப் "பனி ஒத்துக்கல" என்று காரணம் சொல்லிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

டிசம்பர் முதல் பாதியில் போவதென்றால் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். வடகிழக்குப் பருவமழை அப்போதும் முடிந்திருக்காது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. குப்பனூர் வழி இருக்கிறதே என்று நினைக்கலாம், ஆனால் அது குறுகலான பாதை, மழைக்கு அதுவும் தப்பாது. மாத்திரைகளை இரண்டு நாளுக்கு எண்ணி எடுக்காமல் ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மலை ஏறும்போது வாந்தி வருமே என்று அவோமின் போட்டுக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். வயதானவர்களுக்கு அது தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொடுக்கும், புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடவும் கூடும். டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். முன் சீட், லேசான சாப்பாடு, மெதுவான வண்டி, இவையே பெரும்பாலும் போதும்.

தணலை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது

உயிரை எடுக்கிற தவறு இது. இரும்புச் சட்டியில் கரித் தணலை அள்ளிவந்து, அப்பா படுக்கும் அறையில் வைத்து, குளிர் வருகிறதே என்று கதவு ஜன்னலை எல்லாம் அடைத்துவிடுவது. புகை இல்லையே, வெறும் தணல்தானே என்று தோன்றும். கார்பன் மோனாக்சைடுக்குப் புகையும் கிடையாது, வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு விழிப்பே வராது. விழித்திருந்தாலும் தலைவலி, குமட்டல், அசதி என்று ஆரம்பிப்பதால் மலை ஏறிவந்த அலுப்பு என்று நினைத்துவிடுவோம். வேறு வேறு ஆட்களுக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், எல்லோரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும். காரணத்தை அப்புறம் தேடலாம்.

பழைய பங்களாக்களில் புகைபோக்கியோடு கணப்பு இருக்கும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் காபி இந்த மலைக்கு வந்தது. பின்னால் வந்த தோட்டத் துரைமார்கள் தங்கள் ஊர் ஞாபகத்தில் கட்டிக்கொண்டவை அவை. வருஷத்துக்கு இரண்டு நாள்தான் எரிகிறது என்றால் உள்ளே குருவிக்கூடோ குளவிக்கூடோ நிச்சயம். முதலில் ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திப் பாருங்கள். புகை மேலே இழுக்காமல் அறைக்குள் திரும்பினால் அன்றைக்குக் கணப்பு வேண்டாம். இழுத்தாலும் ஜன்னலை ஒரு சாண் திறந்து வையுங்கள், படுக்கப் போகுமுன் தணலை அணைத்துவிடுங்கள். குளியலறைக்குள் வைத்த கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கைதான்.

சரி, மின்சார ஹீட்டர்? அதிலும் ஒரு வம்பு உண்டு. 2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். தாத்தா காலத்து ஒயரிங்கில் 5 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இழுத்தால் பாக்ஸ் உருகும். எலி கடித்த ஒயர் என்றால் சொல்லவே வேண்டாம். கீசர் போடுகிற பெரிய பிளக்கில் மட்டும் மாட்டுங்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள்.

வெந்நீர்ப் பை நல்ல சாமான்தான், ஆனால் சர்க்கரை உள்ளவர் காலடியில் வைத்துவிட்டுத் தூங்கக் கூடாது. பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் தோல் வெந்து கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், காலையில் "ஒண்ணும் தெரியலையேப்பா" என்பார். படுக்கையைச் சூடாக்கப் பையை முன்கூட்டியே போர்வைக்குள் வைத்து, அவர் படுக்கும்போது எடுத்துவிட்டு, உல்லன் சாக்ஸ் போட்டுவிடுங்கள்.

ராத்திரி பாத்ரூம், விடிகாலைக் குளியல்

குளிரில் சிறுநீர் அதிகம் பிரியும். அதற்குப் பயந்து சாயங்காலத்திலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால், எழுந்தவுடன் தலை சுற்றும். பல தோட்ட வீடுகளில் பாத்ரூம் பின்கட்டில், இரண்டு படி இறங்கிப் போகிற மாதிரி இருக்கும். மெடிக்கல் கடையில் கிடைக்கும் சிறுநீர்க் குடுவை ஒன்றை வாங்கிப் போங்கள். "எனக்கெதுக்கு அது?" என்று கோபித்துக்கொள்வார். வாதாடாமல் கட்டிலுக்குக் கீழே வைத்துவிடுங்கள், ராத்திரி இரண்டு மணிக்கு அவரே எடுத்துக்கொள்வார். வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். எழுந்ததும் கட்டில் விளிம்பில் ஒரு நிமிஷம் உட்கார்ந்த பிறகு நடக்கட்டும்.

மார்கழி என்றால் ஐந்து மணிக்குப் பச்சைத்தண்ணீர்க் குளியல் என்று நாற்பது வருஷமாகப் பழகியவரை மாற்றுவது கஷ்டம். ஆனால் சில்லென்ற தண்ணீர் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும், இதய நோய் உள்ளவருக்கு அது ஆபத்து. வெயில் வந்த பிறகு வெந்நீரில் குளிக்கச் சொல்லுங்கள். சேலத்தில் செய்வதுபோலவே நேரம் பார்க்காமல் வாக்கிங் கிளம்புவதும் வேண்டாம்; விடியலிலும் மசங்கல் நேரத்திலும் காபிச் செடிகளுக்கு நடுவே காட்டெருமை நிற்கும். பனியில் பத்தடிக்கு அப்பால் தெரியாது. சில்வர் ஓக் சருகு ஈரத்தில் வழுக்கும், கைத்தடி இல்லாமல் சரிவில் இறங்க விடாதீர்கள்.

சாப்பாட்டில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. குக்கரைக் கொண்டுபோங்கள். கொள்ளு ரசம் வைத்தால் போதும், மற்றதை அப்பாவே சொல்வார்.

சிக்னல் எந்த மூலையில் கிடைக்கிறது என்று போனவுடன் பார்த்து வையுங்கள். 108க்குச் சொல்லும்போது தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. ஊர், பஸ் ஸ்டாப், எந்த இடத்தில் மண்பாதை பிரிகிறது என்பதை ஒரு தாளில் எழுதி ஒட்டினால் பதற்றத்தில் உளற வேண்டியிருக்காது.

அங்கே வைத்து விற்பனைப் பேச்சு

இதை யாரும் தவறு என்று சொல்வதில்லை. என் கணக்கில் இதுதான் பயணத்தையே கெடுக்கிறது. பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்திருக்கிறோம், நெருப்பு எரிகிறது, சரி, பேசிவிடலாம் என்று பாகப்பிரிவினையை எடுப்பது. பராமரிப்புச் செலவு, ஆள் கிடைக்காதது, நல்ல விலை கேட்கிற பார்ட்டி, எல்லாம் நியாயமான விஷயங்களே. ஆனால் அவர் நட்ட மிளகுக் கொடி ஜன்னலுக்கு வெளியே ஏறிக்கொண்டிருக்கும்போது அந்தப் பேச்சைக் கேட்டால், கூட்டிவந்ததே இதற்குத்தான் என்று அவருக்குத் தோன்றும். பத்திரம் சேலம் வீட்டு பீரோவில்தானே இருக்கிறது, பேச்சும் அங்கேயே நடக்கட்டும்.

இதற்கு நேர்மாறானது, அவரை நாற்காலியில் உட்கார வைத்து ஒரு வேலையும் தராமல் இருப்பது. டிசம்பர், ஜனவரி காபிப் பழம் பறிக்கிற காலம். களத்தில் காய்கிற கொட்டையை ஒரு கை அள்ளிப் பார்த்து "இன்னும் ரெண்டு வெயில் வேணும்" என்று சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள். விறகு பிளக்க விடாதீர்கள், சுள்ளி பொறுக்கலாம். ஏரியில் போட்டிங், பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட் என்று மூன்று இடத்துக்கு இழுத்துக்கொண்டு போவது உங்கள் குழந்தைகளுக்கு வேண்டுமானால் பிடிக்கும், அவர் காரிலேயே உட்கார்ந்திருப்பார்.

இறங்குவதை ஞாயிறு சாயங்காலத்துக்குத் தள்ளாதீர்கள். கூட்டமும் அப்போதுதான் இறங்கும், பனியும் அப்போதுதான் இறங்கும். மதியச் சாப்பாடு முடித்து மூன்று மணிக்குள் கிளம்புங்கள், இல்லையென்றால் திங்கள் வெயில் வந்த பிறகு. இரண்டாவது கியரில் வாருங்கள், பிரேக்கிலேயே காலை வைத்து வந்தால் பாதி வழியில் கருகல் வாடை அடிக்கும். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று இன்ஜினை அணைத்து உருட்டினால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும். பனி மூடினால் ஹை பீம் போடாதீர்கள், வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். முன் சீட்டில் அப்பா "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வருவார். அதைக் கேட்கலாம்.