முதல் கோட் எடிட்டர்: தேடுவதை இன்றோடு நிறுத்திவிட்டு எழுத ஆரம்பிப்பது எப்படி

பைத்தான் கற்றுக்கொள்கிறேன் என்று உட்கார்ந்த முதல் இரண்டு வாரத்தில் நான் பத்து வரி கூட எழுதவில்லை. எந்த எடிட்டர் சிறந்தது என்று வீடியோ பார்த்தேன், நான்கை இறக்கி நிறுவினேன், எந்தத் தீம் கண்ணுக்கு இதம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, என்னைப் படுத்தியது எடிட்டரே இல்லை. ஃபைல் எங்கே இருக்கிறது, சேமித்தாயிற்றா, எந்தப் பைத்தான் ஓடுகிறது, இந்த மூன்றில் ஒன்றில்தான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே எடிட்டரைத் தேர்வு செய்வதைச் சீக்கிரம் முடித்துவிட்டு அந்த மூன்றுக்குப் போவோம்.

பைத்தானை நிறுவத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். விண்டோஸ்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: நிறுவும்போது வரும் முதல் திரையின் அடியில், பாத்தில் (கட்டளை அடித்தால் புரோகிராமைக் கணினி தேடிப் பார்க்கும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று கேட்கும் கட்டம் வந்தால், அதை டிக் செய்யாமல் தாண்டிப் போகாதீர்கள்.

படி 1: தானியில் ஆரம்பியுங்கள்

எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் புதியவர்களுக்கென்றே உருவான இலவச எடிட்டர் இது. விண்டோஸிலும் மேக்கிலும் நிறுவினால் பைத்தானும் கூடவே வந்துவிடும், தனியாக எதையும் இணைக்க வேண்டாம். எழுதி, சேமித்து, எஃப்5 அழுத்தினால் ஓடும். அவ்வளவுதான்.

ஆனால் நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இதன் டீபக்கர், அதாவது புரோகிராமை ஒவ்வொரு படியாக நிறுத்தி ஓட்டிக் காட்டும் கருவி. 2 + 3 * 4 என்பதை பிரிண்ட் செய்யச் சொல்லி ஒரு வரி எழுதி, டீபக் பொத்தானை அழுத்திவிட்டு எஃப்7-ஐத் தட்டிக்கொண்டே போங்கள். முதலில் 3 * 4 என்ற துண்டு உங்கள் கண்ணெதிரே 12 ஆக மாறும், பிறகு 2 + 12 என்பது 14 ஆகும், அதற்குப் பிறகுதான் பிரிண்ட் நடக்கும். வியூ மெனுவில் வேரியபிள்ஸ் பலகையையும் திறந்து வைத்துக்கொண்டால் லூப் ஓடும்போது எண் ஒவ்வொன்றாக ஏறுவதும் தெரியும். நான் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட ஒரு வைல் லூப் இதில் ஐந்து நிமிடத்தில் புரிந்தது.

பார்க்கக் கொஞ்சம் பழைய காலத்துச் சாயல்தான். இருக்கட்டும்.

படி 2: இரண்டு மூன்று ஃபைல் ஆனதும் விஎஸ் கோட்

மைக்ரோசாஃப்ட் 2015-இல் வெளியிட்டது, இதுவும் இலவசம். ஜாவாஸ்கிரிப்ட், எச்டிஎம்எல், பைத்தான் எதுவானாலும் இதிலேயே எழுதலாம் என்பதால் பின்னால் மொழி மாறினாலும் எடிட்டர் மாற வேண்டியதில்லை. இறக்கும்போது பெயரை நன்றாகப் பாருங்கள். விஷுவல் ஸ்டுடியோ என்பது வேறு, விஷுவல் ஸ்டுடியோ கோட் என்பது வேறு. முதலாவது பல ஜிபி பிடிக்கும் பெரிய ஐடிஇ (எடிட்டரோடு மற்றக் கருவிகளும் சேர்ந்த தொகுப்பு), நமக்கு அது இப்போது வேண்டாம்.

நிறுவியதும் எக்ஸ்டென்ஷன் (எடிட்டரோடு சேர்க்கும் கூடுதல் வசதி) பகுதியில் பைத்தான் என்று தேடி, வெளியீட்டாளர் மைக்ரோசாஃப்ட் என்று இருப்பதை மட்டும் போடுங்கள். 'கட்டாயம் வேண்டிய இருபது எக்ஸ்டென்ஷன்கள்' என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள், நான் வாங்கினேன், ஒன்று போட்ட வரியை இன்னொன்று கலைத்துக்கொண்டிருந்தது. தானாகவே கோட் எழுதி நீட்டும் ஏஐ பரிந்துரைகளையும் முதல் சில மாதங்களுக்கு செட்டிங்கில் அணைத்து வையுங்கள். ஃபார் லூப்பை நீங்கள் யோசிக்கும் முன்பே அது எழுதிவிட்டால் உங்கள் கைக்கு அது எப்போது பழகும்?

படி 3: ஃபைலைத் திறக்காதீர்கள், ஃபோல்டரைத் திறங்கள்

என்னைக் கவிழ்த்த இடம் இது. மதிப்பெண்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் போட்டு, அதைப் படித்துக் கூட்டிச் சொல்லும் சின்ன புரோகிராம் எழுதியிருந்தேன். தானியில் அருமையாக ஓடியது. அதையே விஎஸ் கோடில் ஓட்டினால் ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர். இடது பக்கப் பட்டியலில் அந்த டெக்ஸ்ட் ஃபைல் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறது, புரோகிராமுக்குப் பக்கத்திலேயே! பெயரைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன், அழித்துவிட்டுப் புதிதாகச் செய்தேன், கடைசியில் பைத்தானையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். ஒன்றும் நடக்கவில்லை.

விஷயம் இதுதான். ஃபைலின் பெயரை மட்டும் கொடுத்தால் பைத்தான் அதைத் தேடுவது உங்கள் புரோகிராம் இருக்கும் இடத்தில் அல்ல, டெர்மினல் (கட்டளை அடித்து ஓட்டும் பலகை) அப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறதோ அங்கே. தானி, ஓட்டும்போது புரோகிராம் இருக்கும் ஃபோல்டருக்குத் தானே போய்விடுகிறது. விஎஸ் கோடின் டெர்மினலோ நீங்கள் திறந்து வைத்த ஃபோல்டரின் வாசலிலேயே நிற்கும். நான் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் திறந்து வைத்திருந்தேன், புரோகிராம் அதற்குள் இரண்டு அடுக்கு உள்ளே கிடந்தது.

எனவே ஃபைல் மெனுவில் ஓபன் ஃபோல்டர் போய், அந்தப் பயிற்சிக்கான ஃபோல்டரை மட்டும் திறங்கள். பிறகு டெர்மினலில் கர்சருக்கு முன்னால் நீளமாக வரும் பாதையின் கடைசிச் சொல்லைப் பாருங்கள், அது உங்கள் ஃபோல்டரின் பெயராக இருந்தால் சரி. ஓட்டும் முன் அதை ஒரு பார்வை பார்ப்பது எனக்கு இன்றும் பழக்கம்.

படி 4: வெள்ளைப் புள்ளி

மேலே தாவலில் ஃபைல் பெயரின் அருகே ஒரு வட்டப் புள்ளி தெரிந்தால் இன்னும் சேமிக்கவில்லை என்று அர்த்தம். டெர்மினலில் நீங்களே கட்டளை அடித்து ஓட்டினால் வட்டில் இருக்கும் பழைய ஃபைல்தான் ஓடும், திருத்திய பிழை அப்படியே திரும்ப வரும். ஃபைல் மெனுவில் ஆட்டோ சேவ் என்பதை டிக் செய்துவிடுங்கள்.

படி 5: எந்தப் பைத்தான்?

ஒரு லைப்ரரியை (பிறர் எழுதி வைத்த கோட் தொகுப்பு) நிறுவிய பிறகும் மாட்யூல் நாட் ஃபவுண்ட் என்று வந்தால், கணினியில் இரண்டு பைத்தான் இருக்கக்கூடும்: லைப்ரரி ஒன்றில் போயிருக்கும், எடிட்டர் இன்னொன்றை ஓட்டும். பைத்தான் ஃபைல் திறந்திருக்கும்போது விஎஸ் கோடின் வலது கீழ் மூலையில் பதிப்பு எண் தெரியும், அதைக் கிளிக் செய்து சரியானதைத் தேர்ந்தெடுங்கள். தானியிலிருந்து வருபவர்களுக்கு இது எளிதில் நடக்கும், ஏனென்றால் தானி கொண்டுவந்த பைத்தான் தனி.

மற்றவை பற்றிக் கேட்பவர்களுக்கு: நோட்பேட்++ நல்ல, இலகுவான எடிட்டர், விண்டோஸில் மட்டும்தான் உண்டு. சப்லைம் டெக்ஸ்ட் வேகத்தில் கில்லாடி, இடையிடையே வாங்கச் சொல்லிக் கேட்கும். பைசார்ம் சக்தி வாய்ந்தது, முதல் நாளுக்கு அத்தனை பொத்தான்கள் அதிகம். பழைய பாடங்களில் ஆட்டம் என்று வந்தால் விட்டுவிடுங்கள், 2022 டிசம்பரோடு அதை மூடிவிட்டார்கள். விம் என்ற டெர்மினல் எடிட்டர் ஒரு நாள் தற்செயலாகத் திறந்துகொள்ளும், அப்போது எஸ்கேப் அழுத்தி, முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி அடித்து என்டர் தட்டினால் சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம்.

பின்சேர்க்கை: தமிழ்ப் பெயர்களை ஃபைலில் வைத்துப் படித்தால் சில பெயர்கள் குப்பையாக வருகின்றன, சில பெயர்களுக்கு எரரே வருகிறது, ஏன் என்று இருவர் கேட்டார்கள். செய்து பார்த்தேன். என் விண்டோஸில் 'பாமா' என்பது புரியாத குறிகளாக வந்தது, 'கண்ணன்' யூனிகோட் டிகோட் எரர் கொடுத்தது. விஎஸ் கோட் ஃபைலை யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளையும் எண்களாகச் சேமிக்கும் குறியாக்கம்) ஆகச் சேமிக்கிறது, பைத்தான் அதை மேற்கத்திய மொழிகளுக்கான பழைய குறியாக்கமாக எடுத்துக்கொண்டு படிக்கிறது, நம் மெய்யெழுத்தின் புள்ளியில் வரும் ஒரு பைட்டுக்கு அந்தப் பழைய அட்டவணையில் எழுத்தே கிடையாது. ஆக, புள்ளி இருந்தால் எரர், 'பாமா' போலத் தப்பித்தால் குப்பை! ஓபன் என்று எழுதும் இடத்தில் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சேர்த்துவிட்டால் இரண்டும் ஒழுங்காக வரும். தமிழ் எழுத்து உள்ள வரியில் கர்சர் ஓரெழுத்து தள்ளி நிற்பது போலத் தெரிவது வேறு கதை, அது ஃபாண்ட் விவகாரம், உங்கள் கோடில் தவறு ஒன்றும் இல்லை.