பம்பிங் நார்மல், ஆனாலும் மூச்சு வாங்குகிறதா? விறைத்த இதயத்தோடு வீட்டில் வாழும் முறை

அம்மாவின் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு 60% என்று இருந்தது. "பம்பிங் நார்மல்" என்று சொன்னதும் நிம்மதியாக வீடு திரும்பினோம். மூன்றே வாரத்தில் அம்மாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. இரவில் ஒரு தலையணை மூன்றானது. சாயங்காலம் கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்தது. அதன்பிறகு பார்த்த இதய மருத்துவர்தான் பொறுமையாக விளக்கினார்: அம்மாவின் இதயம் நன்றாகத்தான் சுருங்குகிறது, விரிவதில்தான் குறை.

அதற்குப் பிறகான நான்கு வருடங்களில் வீட்டில் நாங்கள் கற்றுக்கொண்டதை, 'பம்பிங் குறையாத இதயச் செயலிழப்பு' (ஆங்கிலச் சுருக்கம் HFpEF) என்ற இந்த நோயின் பெயரை நேற்றுதான் கேள்விப்பட்ட குடும்பங்களுக்காக எழுதுகிறேன். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் மருத்துவர் சொல்வதுதான்.

முதல் படி: அந்தச் சதவீதத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

கஞ்சி போட்டு விறைத்த துணிப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் திறந்தாலும் வயிறு விரியாது, அரிசி குறைவாகவே கொள்ளும். இதயத்தின் இடது கீழறையும் அப்படி ஆகிவிடுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 120 மில்லி ரத்தம் நிரம்பும் இதயம் 70 மில்லியை வெளியே தள்ளினால் அது 58%. விறைத்த இதயத்தில் 80 மில்லிதான் நிரம்புகிறது, அதில் 48 மில்லி வெளியேறினால் 60%. சதவீதம் அழகாக இருக்கிறது, உடம்புக்குப் போகும் ரத்தமோ குறைவு. உள்ளே போக இடமில்லாத ரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்குகிறது. மூச்சு வாங்குவது அதனால்தான்.

பல வருட பிரஷர், சுகர், உடல்பருமன், சிறுநீரகக் கோளாறு, வயது, இவையெல்லாம் சேர்ந்துதான் பெரும்பாலும் இந்த விறைப்பைக் கொண்டுவருகின்றன. எக்கோவில் 'கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்' (இதயம் விரிவதில் லேசான குறை) என்று மட்டும் இருந்தால் பயந்துவிட வேண்டாம். 60 வயது தாண்டிய பலருடைய ரிப்போர்ட்டில் அந்த வரி இருக்கும். மூச்சுத்திணறல், கால் வீக்கம் போன்ற அறிகுறிகளும் நீர் தேங்கியதற்கான அடையாளங்களும் சேர்ந்தால்தான் அது இதயச் செயலிழப்பு.

இரண்டாம் படி: எடை மெஷினும் ஒரு நோட்டும்

ஒரே ஒரு படிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, காபி குடிப்பதற்கு முன் எடை பார்க்க வேண்டும். தினமும் ஒரே மாதிரி உடை. மெஷினைப் பாய் மேலோ மிதியடி மேலோ வைக்காமல் சமமான தரையில் வையுங்கள். நோட்டில் ஐந்து விஷயம் எழுதுங்கள்: எடை, பிரஷர், நாடித்துடிப்பு, கால் வீக்கம் உண்டா இல்லையா, நேற்றிரவு எத்தனை தலையணை. வீக்கம் வடிந்து மூச்சு சீராக இருக்கும் நாளில் என்ன எடையோ அதுதான் உங்கள் சரியான எடை. அந்த எண்ணை மருத்துவரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. சோற்றாலும் எண்ணெயாலும் மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறாது, தேங்கிய நீரால்தான் ஏறும். கால் வீங்கும் முன்பே மெஷின் அதைச் சொல்லிவிடும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அன்றே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்த பிறகு அம்மாவின் எடை 61.4-இலிருந்து 63.6 ஆனது. போன் செய்தோம். சில நாட்களுக்கு நீர் மாத்திரையைக் கூட்டச் சொன்னார், எடை இறங்கியது. நோட்டு இல்லாத காலத்தில் இதே நிலைமைக்கு ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

எடை மளமளவென்று குறைந்து, எழுந்து நின்றால் தலை சுற்றினாலும் போன் செய்ய வேண்டும். நீர் அளவுக்கு மேல் போயிருக்கலாம்.

மூன்றாம் படி: உப்பு

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொதுவான பரிந்துரை. மூன்று வேளைக்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன். உங்கள் மருத்துவர் வேறு அளவு சொன்னால் அதுவே கணக்கு. நம் வீடுகளில் அந்த ஒரு டீஸ்பூன் எங்கே போகிறது என்று பார்த்தால், குழம்பைவிட ஓரத்தில் வைப்பவைதான் அதிகம் இழுக்கின்றன: ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வடகம், கருவாடு. அப்புறம் பேக்கரிப் பண்டங்கள், மிக்சர்.

அம்மாவுக்கு மட்டும் தனிச் சமையல் செய்து பார்த்தோம், இரண்டு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இப்போது மொத்த வீட்டுக்கும் பாதி உப்பில் சமைக்கிறோம், வேண்டியவர்கள் தட்டில் போட்டுக்கொள்கிறார்கள். சோற்றில் உப்பு கிடையாது. இட்லி மாவில் பாதி. எலுமிச்சை, மிளகு, வறுத்துப் பொடித்த சீரகம், பூண்டு ஆகியவை ருசியை ஈடுகட்டுகின்றன. சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

இந்துப்பும் சோடியம்தான், அது மருந்தல்ல. வயிற்று உப்புசத்துக்குத் தண்ணீரில் நுரைக்கக் கரைத்துக் குடிக்கும் பொடியிலும் சோடியம் உண்டு. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. பொட்டாசியத்தை உடம்பிலேயே தேக்கும் ஸ்பைரோனோலாக்டோன் என்ற நீர் மாத்திரையைச் சாப்பிடுபவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அது ஆபத்து. இளநீரும் அப்படியே, மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

தண்ணீரை நீங்களாகக் குறைக்க வேண்டாம். அளவு சொல்லியிருந்தால் காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வையுங்கள். காபி, ரசம், மோர், கஞ்சி எல்லாமே அந்தக் கணக்கில் சேரும்.

நான்காம் படி: மாத்திரைகள்

"எனக்குச் சுகரே இல்லையே, ஏன் சுகர் மாத்திரை?" என்று அம்மா கேட்டார். சுகருக்காக வந்த எம்பாகிளிஃப்ளோசினை இந்த வகை இதய நோயாளிகள் 5,988 பேரிடம் சோதித்த முடிவு 2021-இல் வந்தது, டாபாகிளிஃப்ளோசினை 6,263 பேரிடம் சோதித்த முடிவு 2022-இல் வந்தது. சுகர் இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது, முக்கியமாக ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்தது. அதற்கு முன் இந்த வகைக்கு இவ்வளவு தெளிவாகப் பலன் காட்டிய மருந்து இல்லை. இவை சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவதால் பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம், சுத்தம் முக்கியம். வாந்தி, பேதி, நோன்பு, விரதம், அறுவை சிகிச்சை என்று வந்தால் மாத்திரையைத் தொடரலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

நீர் மாத்திரையைக் காலையில் போட்டால் இரவுத் தூக்கம் கெடாது. பிரஷர் மாத்திரை ஒரு நாளும் விடுபடக் கூடாது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

முழங்கால் வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம். அவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இந்த வயதில் மூட்டுவலி இல்லாதவர் குறைவு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: நாடியும் நடையும்

இரண்டு துடிப்புக்கு இடைப்பட்ட நேரத்தில்தான் இதயம் நிரம்புகிறது. விறைத்த இதயத்துக்கு அந்த நேரம் அதிகம் தேவை. படபடவென்று அடித்தால் நிரம்பவே அவகாசமில்லை. மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். தாளம் தப்பித் தப்பி அடித்தால் ஈசிஜி எடுக்க வேண்டும். அந்த ஒழுங்கற்ற துடிப்பு பக்கவாதத்துக்கும் வழி.

நடை கட்டாயம். வீக்கம் வடிந்து மருத்துவர் சம்மதித்ததும் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பேச்சு தடைபட்டால் வேகம் அதிகம். அம்மா இப்போது தெருமுனைக் கோவில் வரை போய்வருகிறார். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். குறட்டை பலமாக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆறாம் படி: 108-ஐ எப்போது அழைப்பது

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நுரையோடு இளஞ்சிவப்புச் சளி, நெஞ்சுவலி, மயக்கம், உதட்டில் நீலம் பாய்வது. இதில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். படுக்க வைக்க வேண்டாம். கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு, முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள். தண்ணீர் புகட்ட வேண்டாம். எடை நோட்டு, மாத்திரை அட்டைகள், கடைசி எக்கோ ரிப்போர்ட் மூன்றையும் ஒரே பையில் போட்டு வாசல் கதவுக்குப் பின்னால் மாட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் அது மஞ்சப்பை.